நான் ஒளித்து வைத்த துணிப் பை

நம் சபையின் அக்கா தங்கச்சிமாருக்கு ஒரு வயதானவள் எழுதுவது. முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். எழுத்து கோணலாக வரும். ஒன்றைச் சொல்லும்போது இன்னொன்று மறந்துபோகும். எழும்பி நின்று சாட்சி சொல்லுங்கள் என்று பாஸ்டர் அம்மா எத்தனையோ முறை கூப்பிட்டார்கள். எனக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது. அதனால் நம் சபைப் பத்திரிகைக்காக ஒரு கொப்பி வாங்கி எழுதுகிறேன். மூன்று வாரமாக எழுதுகிறேன். ஆண்களும் வாசிப்பார்களே என்று இரண்டு தடவை பாதியில் மூடி வைத்தேன். பிறகு, வெட்கத்தால் வந்த ஆபத்தைச் சொல்லவும் வெட்கப்பட்டால் அது என்ன சாட்சி என்று நினைத்துத் திரும்பவும் எடுத்தேன்.

என் மருமகள் ரூபி சாகக் கிடந்தாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவளைக் காப்பாற்றக்கூடிய ஆட்கள் பத்து அடி தூரத்தில் இருந்தார்கள். நான் சொல்லவில்லை. இதுதான் விஷயம்.

போன வருஷம் தீபாவளி முடிந்து அடுத்த வாரம் அது. கிழமை வெள்ளி. அது நிச்சயம், ஏனென்றால் அன்று நம் பெண்கள் உபவாச ஜெபம். ரூபிக்குத் தலைப்பிரசவம். என் மகன் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறான். ரூபிக்குத் தாய் இல்லை. சின்ன வயதிலேயே போய்விட்டார்கள். என்னை அத்தை என்று கூப்பிட்டாலும் தாயிடம் கேட்பதை எல்லாம் என்னிடம்தான் கேட்பாள்.

அதற்கு முந்தின வாரம் பெண்கள் கூட்டத்தில் ஜெப விண்ணப்பம் கேட்டார்கள். நான் எழும்பி, "ஒரு சகோதரிக்கு ஒரு காரியத்துக்காக" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டேன். பிரசவம் என்று சொல்லக்கூட எனக்குக் கூச்சம். எல்லாருக்கும் தெரியும் அது ரூபிதான் என்று. சிரித்துக்கொண்டே ஜெபித்தார்கள்.

அன்று விடியும்போது வலி கண்டது. எங்கள் தேயிலைத் தோட்டம் ராகலைக்கு மேலே. ஆஸ்பத்திரிக்கு இறங்க ஆட்டோவில் முக்கால் மணி நேரம். ரோடு அப்படி. மழை வேறு. ஒவ்வொரு பள்ளத்துக்கும் ரூபி என் கையை நெரித்தாள். ஆஸ்பத்திரியின் பெயரை நான் எழுதவில்லை. அங்கே இருந்தவர்கள் பொன்னான ஆட்கள். ஆனாலும் பெயர் போட்டால் யாராவது ஏதாவது பேசுவார்கள்.

ரூபியை உள்ளே கொண்டுபோனபின் நான் வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். எதிர் அறையின் கதவு திறந்திருந்தது. அங்கே ஒரு மிஸ் கட்டிலில் படுத்திருந்தார். நர்ஸ்மாரை நாங்கள் மிஸ் என்றுதான் சொல்வோம். படுத்திருந்தவருக்குக் கீழே சிவப்புச் சாயம் போட்ட துணி. நாலைந்து பேர் ஓடுகிறார்கள். ஒருவர் ஒரு பெட்டியைத் தூக்கி வருகிறார். கண்ணாடி போட்ட பெரிய மிஸ் ஒருவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே சிங்களத்தில் ஏசுகிறார். படுத்திருந்தவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. இங்கே பிள்ளைகள் வலியில் துடிக்கிறார்கள், இவர்களுக்கு விளையாட்டா? அங்கே தரை துடைத்துக்கொண்டிருந்த அட்டெண்டன் நம் ஆள். லெச்சுமி என்று பெயர். டயகமப் பக்கம் பிறந்தவள். நல்ல வாய். அவளிடம் கேட்டேன்.

"என்னம்மா இது கூத்து?"

"கூத்துதான் பாட்டி. புள்ள பெத்தவங்களுக்கு ரத்தம் கூடப் போனா யாரு என்னத்த தூக்கிட்டு ஓடணும்னு மிஸ்மாரு பழகுறாங்க. அந்தப் பொட்டிக்குள்ள ஊசி, மருந்து, குழாய் எல்லாம் இருக்கு. வேற எதுக்கும் தொறக்கக் கூடாது. போன தடவ நான்தான் நோயாளி. அரமணி நேரம் நல்ல தூக்கம்!"

"நல்ல நாளும் அதுவுமா ரத்தத்த வச்சு வெளாடலாமா? சகுனம் கெட்டுப் போகும்."

"கழுத்துல சிலுவை போட்டுக்கிட்டு சகுனமா பாக்குறீங்க?" என்று துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு சிரித்தாள். எனக்கு வெட்கமாகப் போனது.

பதினொரு மணிக்குக் கிட்ட பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. நல்ல சுகப் பிரசவம். பிள்ளை வெளியே வந்த உடனே ரத்தம் கூடப் போகாமல் இருக்கத் தொடையில் ஒரு ஊசி போட்டார்களாம். ரூபி பிறகு சொன்னாள். பிரசவ அறைக்குப் பக்கத்து அறையில் கட்டில் கொடுத்து, கூட ஒரு பெண் இருக்கலாம் என்று என்னைக் கூப்பிட்டார்கள். அந்தக் கண்ணாடி போட்ட மிஸ் வந்தார். பெயர் சுமனா மிஸ். சிங்கள ஆள், ஆனால் தமிழ் பேசுவார். ரூபியின் தொப்புளுக்குக் கீழே என் கையைப் பிடித்து வைத்துக் காட்டினார்.

"அம்மா, இங்க. கல்லு மாதிரி இருக்கணும். மெத்துனு போனா சொல்லுங்க. துணி சீக்கிரம் நனைஞ்சாலும் சொல்லுங்க. ஹரிதானே? சரிதானே?"

நான் தலையாட்டினேன். தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரி. நாற்பது வருஷம் கங்காணிக்கும் கணக்கப்பிள்ளைக்கும் தலையாட்டியே கொழுந்து பறித்தவள்.

கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை சின்ன மிஸ் ஒருவர் வந்து கையைப் பிடித்துப் பார்ப்பார், வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார், துணியைப் பார்ப்பார், எழுதுவார். முதல் இரண்டு தடவை எல்லாம் சரி. பிறகுதான் துணி நனையத் தொடங்கியது.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பிள்ளை பிறந்தால் முதல் வேலை என்ன என்று வயதானவர்களுக்குத் தெரியும். துணியை ஆண்கள் கண்ணில் படாமல் எடுத்துப்போய்ப் பீலியில் விழுகிற தண்ணீரில் அலசுவது. சின்ன வயதில் எனக்குப் பழக்கிய வேலை அது. அதுவும் அல்லாமல், கெட்ட ரத்தம் போகத்தான் வேண்டும், தங்கினால்தான் ஆபத்து என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தோம். அந்த நேரம் பார்த்து நோயாளிகளைப் பார்க்கிற மணி அடித்தது. பக்கத்துக் கட்டிலுக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். புருஷன், மாமனார், கொழுந்தன். நல்ல உடுப்பு. இடையில் ஒரு திரைதான். தோட்டத்து ஆட்கள் அசுத்தம் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயந்தேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை. யாரும் எங்களைப் பார்க்கவே இல்லை. எனக்குள் இருந்த பயம்தான்.

நான் நனைந்த துணியை எடுத்தேன். சுத்தமான துணியை வைத்தேன். நனைந்ததை நாங்கள் கொண்டுபோன கடைப் பைக்குள் திணித்து, கட்டிலுக்கு அடியில் உடுப்புப் பெட்டிக்குப் பின்னால் தள்ளினேன். சின்ன மிஸ் வந்து பார்த்தபோது வெள்ளைத் துணி. "ஹரி" என்று எழுதினார். ரூபி மூத்திரம் போனாளா என்று கேட்டார். திரைக்குப் பின்னால் ஆண்கள் இருக்கிறார்களே என்று ரூபி அடக்கிக்கொண்டு கிடந்தாள். எனக்குத் தெரியும். நான் போனாள் என்று தலையாட்டினேன்.

அவர் போனதும் அந்தத் துணியும் நனைந்தது. மாற்றினேன். திரும்பவும் மாற்றினேன். எத்தனை துணி என்று இப்போது ஞாபகம் இல்லை. கொண்டுபோன பழைய சேலைத் துண்டெல்லாம் முடிந்து, என் சால்வையை மடித்து வைத்தேன். அது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

"அத்த, குளிருது."

"மழைக்கு அப்படித்தான்டி தாயி. போத்திக்க."

"காது அடைக்குது அத்த. நீங்க தூரத்துல பேசுற மாதிரி இருக்கு."

உதடு வெளுத்திருந்தது. நெற்றியில் வேர்வை, ஆனால் கை ஜில்லென்று இருந்தது. சுமனா மிஸ் காட்டிய இடத்தில் கை வைத்துப் பார்த்தேன். கல் இல்லை. பிசைந்த மாவு மாதிரி இருந்தது. அப்போதாவது நான் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. இத்தனை நேரம் மறைத்ததை இப்போது எப்படிச் சொல்வது என்ற பயம் புதிதாக வந்து உட்கார்ந்துகொண்டது.

ஜன்னல் பக்கம் திரும்பி நின்று ஜெபித்தேன். என்ன ஜெபித்தேன் தெரியுமா? "ஆண்டவரே, ரூபிக்கு உடம்பு சரியில்லை, சுகம் தாரும்" என்றேன். இரத்தம் என்ற வார்த்தையைக் கர்த்தருக்கு முன்னால் சொல்லவும் எனக்குக் கூச்சம். யாருக்கும் தெரியாமல் அவரே வந்து நிறுத்திவிட வேண்டும், நானும் தப்பிக்க வேண்டும். அதுதான் என் ஜெபம். அவர் நிறுத்தவில்லை. திரும்பிப் பார்த்தேன், என் சால்வையும் சிவந்துவிட்டது.

அந்த நேரம் என் அக்கா ஞானம் நினைவுக்கு வந்தாள். எத்தனையோ வருஷமாக நான் நினைக்காத காரியம். எனக்கு ஒன்பது வயது இருக்கும். அக்காவுக்கு லயத்து வீட்டுக் காம்பராவிலேயே பிள்ளை பிறந்தது. பெரியவர்கள் துணியைக் கொடுக்கக் கொடுக்க நான் பீலிக்குக் கொண்டுபோய் அலசினேன். தண்ணீர் சிவப்பாக ஓடியது. அலசி முடித்துத் தூக்கிக்கொண்டு வந்தால் இன்னொரு கட்டு இருக்கும். நல்ல பிள்ளை, சுத்தமாக அலசுகிறாள் என்று என்னைப் புகழ்ந்தார்கள். மத்தியானம் கடைசிக் கட்டோடு திரும்பி வரும்போது காம்பராவில் ஒப்பாரி கேட்டது. தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் ஐயா வந்து எவ்வளவு ரத்தம் போனது என்று கேட்டார். காட்ட ஒரு துணிகூட இல்லை. எல்லாம் கயிற்றில் வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்தது.

கர்த்தர் என் காதில் பேசினார் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிப்பட்ட பாக்கியம் எனக்கு இல்லை. நான் தரையில் உட்கார்ந்தேன். வாயைத் திறந்து சத்தமாகவே சொன்னேன்.

"ஆண்டவரே, என் மருமகளுக்கு ரத்தம் போகுது. நெறையப் போகுது. நான்தான் ஒளிச்சு வச்சேன்."

என் குரலை நானே கேட்டேன். திரைக்கு அந்தப் பக்கம் பேச்சு நின்றது. அவர்களுக்குத் தமிழ் புரிந்ததோ என்னவோ. எனக்கு அப்போது யார் கேட்டாலும் பரவாயில்லை. கர்த்தருக்கு முன்னால் சொன்னபின் மனுஷருக்குச் சொல்ல என்ன பயம்? கட்டிலுக்கு அடியில் கையை விட்டுப் பையை இழுத்தேன். பாரமாக இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு பார்க்க வந்த ஆட்களின் நடுவே நடந்து போய், சுமனா மிஸ் எழுதிக்கொண்டிருந்த மேசையில், புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"மிஸ், இது அவ ரத்தம். நான் மறைச்சுட்டேன்."

அவர் பையைத் திறந்தார். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. எழும்பி நின்று உள்பக்கம் பார்த்து ஒரே ஒரு சத்தம் போட்டார். அவ்வளவுதான்.

காலையில் ஓடிய அதே ஆட்கள் ஓடி வந்தார்கள். அதே பெட்டி. சிரிப்பு மட்டும் இல்லை. யாரும் யாரிடமும் எது எங்கே என்று கேட்கவில்லை. ஒருவர் வயிற்றில் கை வைத்து அமுக்கித் தேய்க்கத் தொடங்கினார். ஒருவர் கையில் ஊசி ஏற்றி சேலைன் மாட்டினார். சின்ன மிஸ் மூத்திரக் குழாய் போட்டார். ஒரு பேசின் நிறைய வந்தது. மூத்திரப்பை நிறைந்திருந்தால் கர்ப்பப்பை சுருங்காதாம். நான் தலையாட்டியதன் பலன் அந்தப் பேசினில் இருந்தது. இன்னொருவர் நேரத்தையும் மருந்தையும் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே இருந்தார். டாக்டர் வந்தார். ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டார்கள்.

லெச்சுமி என் பையைத் தராசில் வைத்தாள். கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கு என்று கழிப்பார்கள், அதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். இங்கே காய்ந்த துணியின் பாரத்தைக் கழித்து ஈரத்தைக் கணக்கெடுத்தார்கள். அந்தக் கணக்கைக் கேட்டதும் டாக்டர் இன்னொரு மருந்தைப் போடச் சொன்னார். மறைத்துக் கழுவ வேண்டியது என்று நான் நினைத்த துணிதான் எவ்வளவு இரத்தம் போனது என்று அவர்களுக்குச் சொல்லியது.

என் கையில் பிள்ளையைக் கொடுத்துத் திரைக்கு வெளியே நிறுத்தினார்கள். ரூபியின் சத்தம் கேட்கவில்லை. மிஸ்மாரின் சத்தம்தான் கேட்டது. "ரூபி, கண்ணத் தொறங்க. தூங்க வேணாம். ரூபி, புள்ளைக்கு என்ன பேரு?" என்று சுமனா மிஸ் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் ஜெபித்தேன். இந்தத் தடவை எதையும் விடவில்லை. இரத்தம், கர்ப்பப்பை, மூத்திரம் எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் கேட்டேன். அந்த மிஸ்மாரின் கைகளையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேட்டேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. திரை விலகியது. சுமனா மிஸ்ஸின் முகம் முழுக்க வேர்வை. "அம்மா, கல்லு மாதிரி ஆயிட்டுது" என்றார்.

போன இரத்தத்துக்கு இரத்தம் ஏற்ற வேண்டும் என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஆம்புலன்சில் சுமனா மிஸ்ஸும் ஏறினார். வழி முழுக்க ரூபியின் வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. பகல் சாப்பாடு சாப்பிட்டிருக்கமாட்டார். அங்கே இரண்டு பை இரத்தம் ஏற்றினார்கள். அந்த இரத்தம் கொடுத்தவர்கள் யார் என்று நமக்குத் தெரியாது. என்ன சாதி, என்ன சமயம், என்ன பாஷை, ஒன்றும் தெரியாது. கர்த்தருக்குத் தெரியும். ஆறாம் நாள் ரூபி வீட்டுக்கு வந்தாள். மகன் கொழும்பிலிருந்து வந்து வாசலிலேயே அழுதான். நான் செய்ததை அவனிடம் மறைக்காமல் சொன்னேன். ரூபிதான், "அத்தைதானே பையத் தூக்கிட்டுப் போனாங்க" என்று எனக்காகப் பேசினாள்.

ஒரு மாதம் கழித்து ரூபியைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனபோது சுமனா மிஸ்ஸிடம் மன்னிப்புக் கேட்டேன். ஏன் மறைத்தேன் என்பதையும் அக்கா ஞானத்தின் கதையையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எங்க தப்பும் இருக்கு அம்மா. நாங்க மேல இருக்குற துணிய மட்டும் பாத்தோம். முன்னாடி வச்ச துணி எங்கனு கேக்கல்ல."

இப்போது அங்கே கட்டிலுக்கு ஒரு பை தொங்குகிறது. எடுத்த துணியை அதில்தான் போட வேண்டும், வீசக் கூடாது என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, வாசிக்கத் தெரியாதவர்களுக்குப் படமும் போட்டிருக்கிறார்கள். லெச்சுமி என்னைக் கண்டு ஓடி வந்தாள்.

"பாட்டி, இப்ப பழகுறப்ப எனக்கு நோயாளி வேசம் இல்ல. மாமியா வேசம்! துணிய ஒளிக்கணும், மிஸ்மாரு கண்டுபுடிக்கணும். நேத்து நான் ஒளிச்சத அவங்களால கண்டுபுடிக்கவே ஏலாமப் போச்சு. சுமனா மிஸ்கிட்ட நல்லா ஏச்சு வாங்குனாங்க!"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அக்கா தங்கச்சிமாரே, எனக்குப் பிரசங்கம் பண்ணத் தெரியாது. கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டார். நான் கேட்ட மாதிரிக் கேட்கவில்லை. வாய் பேசாதவளின் வாயைத் திறந்தார். பழகிய கைகளை ஏற்கெனவே பத்து அடி தூரத்தில் ஆயத்தமாக வைத்திருந்தார். அவரை நம்புங்கள். அவர் வைத்திருக்கிற மிஸ்மாரையும் நம்புங்கள். அவரிடம் ஜெபிக்கும்போது வெட்கப்பட்டுச் சுற்றி வளைக்காதீர்கள். வலிக்கிற இடத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

இப்போது எங்கள் லயத்தில் யாருக்காவது பிரசவம் என்றால் கூடப் போகிறவளிடம் நான் போய்ப் பேசுகிறேன். துணியைக் கழுவாதே, வீசாதே, மிஸ்ஸிடம் காட்டு என்கிறேன். மூத்திரத்தை அடக்க விடாதே என்கிறேன். போன மாதம் கங்காணி வீட்டில் ஆண்கள் இருக்கும்போதே சொன்னேன். கங்காணி எழும்பி வெளியே போய்விட்டார். போகட்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் சபையில் நர்ஸ் வேலை செய்கிற தங்கச்சிமார் இரண்டு பேர் இருக்கிறார்கள். இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் அவர்களில் ஒருவரிடம் காட்டுங்கள். எத்தனை நிமிடத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும், எவ்வளவு துணி நனைந்தால் கூப்பிட வேண்டும், மருந்து எது முதலில் என்பதெல்லாம் எனக்குச் சரியாகத் தெரியாது. நான் மறந்தும் இருப்பேன். எழுத்துப் பிழையை விட்டாலும் பரவாயில்லை, வாசிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். துணியைப் பற்றியும் இரத்தத்தைப் பற்றியும் நான் எழுதியதில் தப்பு இருந்தால், என் முகத்துக்காகப் பார்க்காமல் வெட்டிவிட்டுச் சரியானதை எழுதுங்கள். இதை வாசித்துவிட்டு யாராவது ஒருத்தி தன் பிள்ளையின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காருவாள்.